பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி பொம்பதூர்தான் ஏழாண்டுப் போரில் (1756-63) பிரான்ஸின் தோல்விக்குக் காரணமா?

ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கைடு புத்தகத்தில் 'ஆம்' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அவருக்குப் பங்கு உண்டு, ஆனால் காரணம் அவர் இல்லை என்பது என் பதில்.

முதுகலை வரலாற்றில் என் ஆய்வேடு இவரைப் பற்றித்தான். தலைப்பைப் பார்த்ததுமே நெறியாளர், "குடும்பப் பொண்ணு, உனக்கு வேற ஆளே கிடைக்கலையாம்மா?" என்றார். ராஜாவின் லீலைகளை வகுப்பில் சிரித்துச் சிரித்துச் சொன்னவரும் இதே மனிதர்தான். நான் மாற்றவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவரோ 1745 முகமூடி விருந்து, அதில் ராஜா யூ மரமாக வேடம் போட்டு வந்தது, இவற்றையே கேட்டுக்கொண்டிருந்தார். பிரான்ஸ் ஆஸ்திரியாவோடு கூட்டணி சேர்ந்த 1756 பற்றி ஒரு கேள்வி இல்லை.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. 1750 வாக்கிலேயே ராஜாவுக்கும் பொம்பதூருக்கும் உடலுறவு நின்றுவிட்டது. செல்வாக்கு ஏறியது அதற்கு அப்புறம்தான். தலைமுறைப் பகையை விட்டுவிட்டு ஆஸ்திரியா கூட்டணி பேச வந்தபோது, தூது அவர் வழியாகத்தான் ராஜாவிடம் போனது. பேசி முடித்த பெர்னி அவருக்கு வேண்டியவர். 1757-இல் ரோஸ்பாக்கில் பிரஷ்யாவிடம் படுதோல்வி அடைந்த தளபதி சுபீஸும் அப்படித்தான். ஆகவே 'பெண் என்பதால் வெள்ளையடிக்கிறாள்' என்று எழுத வருபவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

ஆனால் பிரஷ்யா 1756 ஜனவரியிலேயே பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. பிரான்ஸுக்கு வேறு துணை எங்கே? கூட்டணிக்குச் சம்மதித்தது ராஜா. கடலில் பிரிட்டிஷ் கப்பற்படையை முறியடிக்க முடியாததற்கும் பொம்பதூரா பொறுப்பு? 1761 ஜனவரியில் எங்கள் புதுச்சேரியை பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைய விட்டபோது, உதவிக்கு ஒரு பிரெஞ்சுக் கப்பற்படை இல்லை. ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தள்ளினார்கள். இங்கே இன்றும் சிலர் அந்தப் பழியை வெர்சாய் அரண்மனையில் இருந்த ஒரு பெண்மேல் போடுகிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். அந்த ஆய்வேட்டை தங்க எழுத்தில் பைண்டிங் போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று எங்களைச் செலவழிக்க வைத்தார்கள். சில வருடம் கழித்து ஒரு படி கேட்டுத் துறைக்குப் போனால், இடமில்லை என்று பழசையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். இப்போதும் மாணவர்களிடம் பைண்டிங் கேட்கிறார்கள்.