உலகப் போரில் நாடுகள் எப்படி இரண்டு அணியாகப் பிரிகின்றன? ஒரே கொள்கை உள்ளவர்கள்தானே ஒன்று சேர்வார்கள்?

கொள்கையா? அது ரொம்பக் கம்மி. பொதுவாக ஒரு பயம் இருந்தால் போதும்.

எனக்கு ஊர் பாம்பன். இங்கே நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் ஆகாது. வலையை இழுத்துக் கிழித்துவிட்டான் என்று அடிக்கடி தகராறு வரும், அதனால்தான் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இலங்கை நேவி பத்துப் பேரைப் படகோடு பிடித்துப் போய்விட்டது என்று தெரிந்தால் இரண்டு தரப்பும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்கும்.

முதல் உலகப் போரும் இப்படித்தான். பிரான்ஸ் குடியரசு, ரஷ்யாவில் ஜார் மன்னர் வைத்ததே சட்டம். இருந்தும் 1894இல் கூட்டுச் சேர்ந்தார்கள், ஏனென்றால் நடுவில் ஜெர்மனி. பிரிட்டனுக்கு அந்த இரண்டு பேரோடும் பழைய பகை. ஜெர்மனி போர்க்கப்பலாகக் கட்டித் தள்ளியதும் 1904இல் பிரான்சோடும் 1907இல் ரஷ்யாவோடும் பேசித் தீர்த்துக்கொண்டது. எதிர்ப்பக்கம் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி, 1882 ஒப்பந்தம். இதில் இத்தாலி 1914இல் சண்டை வந்ததும் "நீங்களாகப் போய் அடித்த சண்டைக்கு நான் வர முடியாது" என்று ஒதுங்கிவிட்டு, மறு வருஷமே ஆஸ்திரியாவின் நிலத்தில் பங்கு தருவதாகச் சொன்ன பிரிட்டன் பக்கம் தாவியது. நம்மூர்த் தேர்தல் கூட்டணி பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம்.

இரண்டாம் போரில் இன்னும் மோசம். 1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் போட்டுப் போலந்தைப் பங்கு பிரித்தார்கள். 1941 ஜூனில் ஹிட்லர் ரஷ்யா மேலேயே பாய, கம்யூனிசத்தைக் கண்டாலே ஆகாத சர்ச்சில் அன்றைக்கே ஸ்டாலின் பக்கம் நின்றார்.

எனக்கு மனதில் நிற்பது துருக்கி கதைதான். 1914இல் பிரிட்டனில் துருக்கிக்காக இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் தயார். ஜனங்களிடம் வசூல் பண்ணிய காசும் அதில் உண்டு. ஒன்றுக்குக் கடைசித் தவணையும் கட்டியாகிவிட்டது, எடுத்துப்போக மாலுமிகள் வந்து காத்திருந்தார்கள். போர் வரப்போகிறது என்று இரண்டையும் பிரிட்டன் தனக்கே எடுத்துக்கொண்டது. துருக்கி அரசு அதே நாட்களில் ஜெர்மனியோடு ரகசியமாகக் கையெழுத்துப் போட்டிருந்தது வேறு விஷயம். துருக்கி ஜனங்கள் பிரிட்டன் மேல் கொதித்தது இந்தக் கப்பல்களால்தான். ஜெர்மனி சும்மா இருக்குமா? தன் இரண்டு கப்பல்களைத் துருக்கிக்கே கொடுத்தது, அதே ஜெர்மன் மாலுமிகள் துருக்கித் தொப்பி போட்டுக்கொண்டு அக்டோபரில் போய் ரஷ்யத் துறைமுகங்களைச் சுட்டார்கள். துருக்கியும் போரில்.

மண்டபத்தில் படகு கட்டும் என் மாமாவிடம் இதை ஒருநாள் சொன்னேன். பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, ஜெர்மனியைப் பற்றியோ ரஷ்யாவைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

"அட்வான்ஸ் இல்லையா மாப்ளே, முழுப்பணமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.