மகனின் தாடைக் கட்டிக்காக நகையை விற்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை தாடையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்தோம். கடைசி முறை 1.4 லட்சம் ரூபாய் ஆனது. பரிசோதனையில் கார்லின் சின்ட்ரோம் (Gorlin syndrome) என்ற மரபு நோய் என்று தெரிந்தது; என் கணவருக்கும் அது இருக்கிறது. 5 வயது மகளை இன்னும் பரிசோதிக்கவில்லை. கணவரின் அலுவலகக் குழுக் காப்பீட்டில், பல் சிகிச்சை என்று சொல்லி கிளெய்மை மறுத்துவிட்டார்கள். 12 பவுன் நகையை விற்று வங்கியில் போடலாமா? தனிக் காப்பீடு கிடைக்குமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: நகையை இப்போது விற்க வேண்டாம். ஒரே அறுவையோடு முடியும் செலவென்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். இந்நோயில் தாடைக் கட்டிகள் அகற்றிய பிறகும் திரும்ப வரக்கூடியவை என்பதாலும், வளர வளரத் தோல் புற்றுநோய்க்கான கண்காணிப்பும் தேவைப்படும் என்பதாலும், பல ஆண்டுகளுக்கு வற்றாத ஓர் ஏற்பாடுதான் உங்களுக்கு வேண்டும்.

முதலில், மறுக்கப்பட்ட கிளெய்மை விட்டுவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். மேலே பல் மருத்துவமனையின் பெயரும், உள்ளே 'கட்டி அகற்றல், பல் பிடுங்கல்' என்ற ஒற்றை வரியும் மட்டும் இருந்தால், கிளெய்ம் பிரிவில் இருப்பவர் அதைப் பல் பில்லாகத்தான் படிப்பார். மரபு நோயால் தாடை எலும்பில் உருவான கட்டி, முழு மயக்கம் கொடுத்து உள்நோயாளியாக வைத்து அகற்றப்பட்டது என்பதே உண்மையானால், அதை மருத்துவரிடம் எழுதி வாங்கி, பயாப்சி அறிக்கையுடன் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு அனுப்புங்கள். அங்கும் மறுத்தால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

தனிக் காப்பீட்டைப் பொறுத்தவரை, மரபு நோய் என்பதற்காகவே ஒரு நோயைப் பாலிசியிலிருந்து விலக்கிவைக்க காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணைய விதிகள் இடம் தருவதில்லை. ஆனால் விண்ணப்பத்தையே ஏற்க மறுக்கவும், ஏற்றால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. 2024 ஏப்ரலுக்கு முன் இது 4 ஆண்டாக இருந்தது. 'இதையெல்லாம் ஃபார்மில் எழுதாதீங்க' என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மறைத்து வாங்கும் பாலிசி, தேவைப்படும் நாளில்தான் கைவிடும். ஒரு நிறுவனம் மறுத்தால் இரண்டு மூன்றில் முயலுங்கள்.

அந்த 36 மாத இடைவெளிக்கு, மாதம் 6,000 ரூபாய் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். வட்டியில்லாமலே 2,16,000 ரூபாய் சேரும். பாலிசி தராத ஆண்டு எக்ஸ்ரே, புறநோயாளிச் செலவுகளுக்கும் இதுவே கைகொடுக்கும். அதற்குள் மீண்டும் அறுவை வந்தால், குழுக் காப்பீடு போக மீதிக்கு நகையை அடகு வைக்கலாம். விற்ற நகையை மறுபடி வாங்குவது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கணவர் வேலை மாறுவதாக இருந்தால், விலகும் முன்பே அந்தக் குழுக் காப்பீட்டைத் தனிப் பாலிசியாக மாற்றக் கேளுங்கள். கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும்.

மகளுக்கு இந்த மரபணு வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. அவளையும் இதே விண்ணப்பத்தில் சேருங்கள். குடும்ப நோய் வரலாற்றைக் கேட்டிருந்தால் உள்ளபடி எழுதுங்கள். பாலிசி கைக்கு வரட்டும் என்று அவளுடைய பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தாடை எக்ஸ்ரே கண்காணிப்பை 8 வயதை ஒட்டித் தொடங்குவது வழக்கம். அவளுக்கு அதற்கு இன்னும் 3 ஆண்டுகளே இருக்கின்றன.