‘கம்யூனிகேஷன் போதாது’ — ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்து, ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் முடித்தேன். ஜாவா, எஸ்கியூஎல் நன்றாக வரும். ஆறு மாதத்தில் நான்கு கம்பெனிகளில் டெக்னிக்கல் ரவுண்டைத் தாண்டி, ஹெச்ஆர் ரவுண்டில் வெளியேறினேன். ‘கம்யூனிகேஷன் போதாது’ என்றார்கள். என்னைவிடக் குறைவாகத் தெரிந்த நண்பன் பேசியே வேலை வாங்கிவிட்டான். புரோகிராமிங்கை ஓரங்கட்டிவிட்டுப் பேச்சுப் பயிற்சிக்குப் போகட்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ஓரங்கட்ட வேண்டாம். ‘கம்யூனிகேஷன் போதாது’ என்றால் எதைத் திருத்துவது? நம் ஊரில் அந்த ஒரு வார்த்தைக்குள் ஆங்கிலச் சரளமும் இருக்கிறது, எதிரே இருப்பவர் கேட்பதைப் புரிந்துகொண்டு அவருக்கு விளங்கும்படி சொல்வதும் இருக்கிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் முதலாவது வரவில்லை என்றதும் இரண்டாவதும் தங்களிடம் இல்லை என்று நம்பிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

மென்பொருள் வேலையில் பல வருடம் ஆள் எடுக்கும் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். ‘பல கடைகள் பயன்படுத்தும் மென்பொருளில் பில் போடும் திரை திடீரென்று மெதுவாகிவிட்டது, என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பேன். பலரும் உடனே ‘இண்டெக்ஸ் போடுவேன்’ என்பார்கள்; தரவுத்தளத்தில் தேடுவதை வேகமாக்கும் வழி அது. தப்பில்லை. ஒரு பெண் மட்டும் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், ‘எல்லாக் கடைக்கும் மெதுவா, ஒரு கடைக்கு மட்டுமா? எப்போதிலிருந்து?’ என்று கேட்டார். நான் சொன்னதை வைத்துத்தான் அடுத்து எங்கே பார்ப்பது என்று யோசித்தார். அவரை எடுத்தோம். அவர் கேட்டதில் தொழில்நுட்பம் எவ்வளவு, மனிதரோடு பழகுகிற திறன் எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது.

ஹார்வர்டு பொருளியலாளர் டேவிட் டெமிங் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1980-க்கும் 2012-க்கும் இடையே, மனிதர்களோடு அதிகம் பழக வேண்டிய வேலைகளின் பங்கு கிட்டத்தட்ட 12 சதவீதப் புள்ளிகள் கூடியது. கணக்குத் திறன் அதிகம் கேட்டு, பழகும் திறன் குறைவாகக் கேட்கும் வேலைகளின் பங்கோ 3.3 புள்ளிகள் குறைந்தது. ஆளும் சம்பளமும் நன்றாகக் கூடியது இரண்டையும் சேர்த்துக் கேட்கும் வேலைகளில்தான். கம்பெனிகளில் பெரும்பாலும் ஒரு மென்பொருளை ஒருவரே தனியாக முடிப்பதில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் தொடர வேண்டியிருக்கிறது.

உங்கள் நண்பன் மேல் கோபப்படாதீர்கள். கூச்சமில்லாமல் பேசப் பழகியதும் உழைப்புதான்.

சரி, என்ன செய்யலாம்? கடைசி வருட புராஜெக்டை உங்கள் அம்மாவுக்கு ஐந்து நிமிடத்தில் விளக்குங்கள். ‘அப்படின்னா?’ என்று அவர் கேட்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லிப் பாருங்கள். ஹெச்ஆர் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் ரெஸ்யூமை ஒப்பிக்காமல், ஒரு பிழை எப்படி வந்தது, யாரிடம் கேட்டீர்கள், எப்படித் தீர்ந்தது என்று சொல்லுங்கள்.

அந்த ஐந்து நிமிடத்தைத் தமிழிலேயே பதிவுசெய்து எனக்கு அனுப்புங்கள். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.