சீனாவில் நகரத்து முதியவருக்கும் கிராமத்து முதியவருக்கும் வருமானத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

முக்கியக் காரணம் ஓய்வூதியம்தான். நகரத்தில் ஆலையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு, 2023 நிலவரப்படி, மாதம் சராசரியாக 3,000 யுவானுக்கு மேல் வந்தது. வயதான விவசாயிக்கு 250 யுவான்கூட இல்லை. அதுவும் 2009-இல்தான் ஆரம்பித்தது. அரசு தரும் அடிப்படைத் தொகை அப்போது வெறும் 55 யுவான். அதற்கு முன்பு பெரும்பாலோருக்குப் பிள்ளைகள் கொடுத்தால் உண்டு.

இதன் வேர் 1958-இல் சட்டமான ஹுகோவ் என்ற குடும்பப் பதிவு முறை. பிறப்பை வைத்தே கிராமத்தார், நகரத்தார் என்று பிரித்துவிட்டது. காலமெல்லாம் அரசுக்குத் தானியம் அளந்தவர்கள் இந்த விவசாயிகள். விவசாய வரி 2006-இல்தான் ரத்தானது. என்னைப் பொறுத்தவரை இது பெரிய அநியாயம்.

அப்புறம் சொத்து. நகரத்தில் பலர் 1990-களில் தாங்கள் குடியிருந்த அரசு வீட்டையே மலிவாக வாங்கிக்கொண்டார்கள். கிராமத்து நிலமோ கூட்டுச் சொத்து, விற்றுக் காசாக்க முடியாது. அதனால்தான் 70 வயதைத் தாண்டியும் பலர் வயலில் இறங்குகிறார்கள்.