வெளிநாட்டு மிஷன் அமைப்பு எங்கள் சபை ஊழியர்களுக்குப் பிரசங்கப் பயிற்சி தர முன்வந்திருக்கிறது. இதனால் உண்மையில் பயன் இருக்குமா?

இருக்கும். வருகிறவர்கள் பேசுவதை விட அதிகமாகக் கேட்கத் தயாராக இருந்தால். அப்படி ஒரு பயிற்சியில் மூன்று வருடம் மொழிபெயர்ப்பாளராக மேடையில் நின்றவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் சபைக் கமிட்டியில் இருப்பவர் என்று நினைக்கிறேன். வருடத்துக்கு இரண்டு முகாம், தலா ஐந்து நாள், செலவு முழுவதும் எங்களுடையது என்று ஒரு கடிதம் வந்திருக்கும். மறுக்க மனம் வராது, சரி என்று சொல்லவும் ஏதோ ஒன்று தடுக்கும். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்களிடம் வந்தவர்கள் நல்லவர்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறான் என்று யாராவது கீழே வந்து சொல்வார்கள். தங்கள் விடுமுறையைக் கொடுத்து, தங்கள் கைப்பணத்தில் பயணம் செய்து வந்தவர்கள் அவர்கள். அவர்களோடு முழங்கால் போட்டு ஜெபித்திருக்கிறேன். அந்த அன்பை நான் சந்தேகப்படவே இல்லை.

ஆனால் முதல் இரண்டு வருடம் ஒவ்வொரு முகாமுக்கும் வேறு வேறு ஆட்கள் வந்தார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் "பிரசங்கத்துக்கு ஒரு மையக் கருத்து வேண்டும்" என்ற இடத்திலிருந்தே தொடங்கினார். எதிரே உட்கார்ந்திருந்த 24 பேரில் பாதிப் பேர் பத்து வருடத்துக்கு மேல் பிரசங்க மேடையில் நின்றவர்கள். அவர்களில் ஒருவரைக்கூட எழுந்து பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது முகாமில் ஏசாயா முதல் அதிகாரம், 18ஆம் வசனம். சிவந்திருக்கும் பாவங்கள் பனியைப்போல் வெண்மையாகும் என்று சொல்லும் இடம். பயிற்சியாளர் பனிப்பொழிவைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். காலையில் கதவைத் திறந்தால் வாசல் முழுக்கப் பனி கிடப்பது, அதை வாரிக் கொட்டுவது, அதன் வெண்மையில் கண் கூசுவது எல்லாம் உயிரோட்டமாக வந்தது. நானும் ரசித்துத்தான் மொழிபெயர்த்தேன்.

சில வாரம் கழித்து அந்த முகாமில் இருந்த ஒரு தம்பியின் பிரசங்கத்தைக் கேட்கப் போனேன். கதை சொன்னால் பிள்ளைகள்கூட அசையாமல் கேட்பார்கள், அப்படிப் பேசுகிறவன். அன்றைக்கு ஒரு வாக்கியம் சொன்னான், நிறுத்தினான். அடுத்த வாக்கியம், மறுபடியும் நிறுத்தினான். குறிப்பை மறந்துவிட்டானோ என்று பயந்தேன். நாலாவது வாக்கியத்தில்தான் எனக்குப் புரிந்தது. மொழிபெயர்ப்பாளருக்காக நிறுத்துகிறான். பக்கத்தில் யாரும் இல்லை, ஆனாலும் என் குரலுக்கான இடத்தை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தான். முகாமில் அவனுக்கு மாதிரியாகக் காட்டப்பட்ட பிரசங்கம் எல்லாம் அந்த உருவத்தில்தானே வந்தது.

அப்புறம் அந்தப் பனிக் கதையையும் அப்படியே சொன்னான். அவனும் பனியைப் பார்த்ததில்லை, கேட்டவர்களும் பார்த்ததில்லை. நம்முடைய பழைய வேதாகமத்தில் அந்த இடத்தில் 'உறைந்த மழை' என்று இருக்கிறது. பனி விழாத ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க அந்த மொழிபெயர்ப்பாளர்கள் பட்ட பாடு அந்த இரண்டு சொல்லிலேயே தெரிகிறது. அதே வசனம் 'பஞ்சைப்போலாகும்' என்றுதான் முடிகிறது. பஞ்சை அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவன் அந்த வார்த்தையைத் தொடவே இல்லை, முகாமில் அதைப் பற்றி யாரும் பேசாததால். வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அவனிடமிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டுதான் இதைக் கொடுத்திருக்கிறோம்.

பயிற்சியாளர்களை அனுப்பிய மிஷன் குழுத் தலைவருக்கு நடந்ததை அப்படியே எழுதினேன். கோபப்படுவார், இதோடு கூட்டுறவே முறிந்துவிடும் என்று நினைத்தேன். கமிட்டியிலும் சிலர் என்னைக் கடிந்துகொண்டார்கள். அவர் மூன்றாம் வருடம் தானே வந்தார், அடுத்த முகாமுக்கும் அவரே வந்தார். முதல் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. ஊழியர்கள் தமிழில் தங்கள் போக்கில் பிரசங்கித்தார்கள், நான் பின்வரிசையில் அவர் காதருகே மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள்தான் பேசினார், அதுவும் பெரும்பாலும் கேள்விகள். "இந்த வசனத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது? அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?" அந்தக் கேள்வி எங்கள் ஆட்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுத்துப் பேசும் பழக்கம் எங்களுக்கு உண்டு, மறுக்க மாட்டேன். முந்தைய நான்கு முகாமில் கிடைக்காதது அந்த இரண்டில் கிடைத்தது.

இது புதிய வழி ஒன்றும் இல்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர். 1716இல் உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளியும் தொடங்கினார். அந்த மிஷனில் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றது 1733இல். அதற்கு 14 வருடம் முன்பே சீகன்பால்கு இறந்துவிட்டார். விதைத்தவர் அறுவடையைப் பார்க்கவில்லை. உங்களுக்கு வந்த கடிதத்தில் இரண்டு வருடத்தில் இத்தனை போதகர்கள் என்று கணக்கு இருந்தால், அதைப் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் நம் தமிழ் ஊழியர் அசரியா, மிஷனரிகளின் தியாகத்தையெல்லாம் மனதார ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றுதான் கேட்டார். வருடா வருடம் ஆள் மாறினால் நட்பு எங்கிருந்து வரும்?

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சபை தன் செலவைத் தானே பார்க்க வேண்டும், தன்னைத் தானே ஆள வேண்டும், தானே சுவிசேஷத்தைப் பரப்ப வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஹென்றி வென் எழுதினார். அவர் வெளிநாட்டு மிஷனை நடத்திய செயலாளர். நம் கமிட்டிகள் இன்னும் அந்த முதல் படியிலேயே நிற்கின்றன. புது ஒலிபெருக்கிக்கு ஒரே ஞாயிறில் காணிக்கை சேருகிறது. உபதேசியாரின் சம்பளம் மூன்று மாதம் பாக்கி. அந்த 24 பேரில் இரண்டு பேர் ஊழியத்தை விட்டதற்குப் பயிற்சி காரணம் அல்ல, வீட்டில் பசி. வெளிநாட்டுக்காரரைக் குறை சொல்லும் நம் வாய் இதைப் பேசுவதில்லை. மூன்று வருடமும் அந்தக் கமிட்டியில் நானும் ஒரு உறுப்பினர். சம்பள விஷயத்தை ஒருமுறைகூட நான் எழுந்து கேட்கவில்லை.

ஆகவே கடிதத்தை மறுக்காதீர்கள். பதில் எழுதும்போது, ஒரே ஆள் குறைந்தது மூன்று வருடம் வருவாரா என்று கேளுங்கள். ஊழியர்களைக் குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் வெளியே அழைத்துப் போகாமல் அவர்கள் இருக்கும் இடத்திலேயே கற்பிக்க முடியுமா என்றும் கேளுங்கள். 1963லேயே குவாத்தமாலாவில் ஒரு இறையியல் கல்லூரி, வர முடியாத மாணவர்களைத் தேடித் தானே போனது. முகாமின் முதல் நாள் மேடையை உங்கள் ஊழியர்களில் மூத்தவருக்குக் கொடுங்கள். நிறுத்தாமல் பேசச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பின்வரிசையில் விருந்தாளியின் பக்கத்தில் உட்கார வையுங்கள்.