பத்து வயதுக் கணினிக்குப் புதிய விண்டோஸ் தேவையா?

வாசகர் கேள்வி – கணினி பதில்

கேள்வி: 2016ஆம் ஆண்டில் வாங்கிய மடிக்கணினி ஒன்று என்னிடம் உள்ளது. ஆறாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5 செயலி, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். அதில் விண்டோஸ் 10 இயங்குகிறது. ஆதரவு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு அடிக்கடி திரையில் வருகிறது. இயக்கினால் வேலைக்குத் தயாராக ஐந்து நிமிடம் ஆகிறது. விண்டோஸ் 11 போட்டால் வேகம் கூடுமா? புதிதாக வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்கிறான் என் மகன். கட்டுரை எழுதுவது, மின்னஞ்சல் பார்ப்பது, வங்கிக் கணக்கைக் கவனிப்பது, பேரப்பிள்ளைகளுடன் வீடியோவில் பேசுவது ஆகியவைதான் என் தேவைகள். – ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்கள் கேள்வியில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. கணினி மெதுவாக இருப்பது ஒன்று. விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துபோனது மற்றொன்று. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் நல்ல கணினியைத் தூக்கி எறிகிறார்கள், அல்லது வேகம் வரும் என்று நம்பிப் புதிய இயங்குதளத்தைப் போட்டு ஏமாந்துபோகிறார்கள்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். கணினியை இயக்கிய உடனே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சுருக்கமான பட்டியல் மட்டும் தெரிந்தால் கீழே உள்ள ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்பதைச் சொடுக்குங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்ற பத்திகளின் தலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம் தெரியும். உங்களுடையதைப் போன்ற கணினிகளில் நான் பலமுறை கண்ட காட்சி இதுதான்: சிபியு பத்து, பதினைந்து சதவீதத்தில் ஓய்வாக இருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்று பல நிமிடங்கள் இறங்காது. செயலி களைத்துப்போகவில்லை, ஹார்டு டிஸ்க் தரும் தகவலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். ஹார்டு டிஸ்க்கினுள் தட்டு சுழல, அதன்மேல் ஒரு முனை நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேடிப் படிக்கிறது; ஒவ்வொரு தேடலுக்கும் ஏறத்தாழ பத்து மில்லிநொடிக்கு மேல் ஆகும் என்பதால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு முறை அளவில்தான் அதனால் எடுத்துத் தர இயலும். விண்டோஸ் துவங்கும்போது அப்படிப்பட்ட சிறு கோப்புகளைத்தான் ஆயிரக்கணக்கில் கேட்கிறது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய, அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஆகவே, விண்டோஸ் 11 உங்கள் கணினிக்கு வேகம் தராது. பழைய ஹார்டு டிஸ்க்கில் அது 10ஐவிடச் சிரமப்பட்டே ஓடும். வேகம் தரப்போவது எஸ்எஸ்டி. அதற்கு அடுத்தபடியாக ரேமை 8 ஜிபியாக உயர்த்துவது. வாங்குவதற்கு முன் இரண்டைக் கவனியுங்கள். சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அதை மாற்ற முடியாது. மேலும், செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’ பிரிவின் ‘அபவுட்’ பக்கத்தில் 32 பிட் இயங்குதளம் என்று காட்டினால், எத்தனை ஜிபி சேர்த்தாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்குப் பயன்படாது. 64 பிட் விண்டோஸைப் புதிதாகப் பதிந்தாக வேண்டும்.

இனி ஆதரவு. 2015 ஜூலை 29இல் வெளியான விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் முடித்துக்கொண்டது. அதனால் கணினி நின்றுவிடவில்லை. அது நேற்றுப்போலவே ஓடுகிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் எதுவும் மாறியதாகத் தெரிவதில்லை. மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விண்டோஸுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியாகின்றன. விண்டோஸ் 11இல் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டதும், திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டு, அந்த ஓட்டை எங்கே இருந்தது என்பதைத் தீய நோக்கம் உடையவர்கள் கண்டறிந்துகொள்கிறார்கள். இரண்டு விண்டோஸுக்கும் பொதுவான நிரல்பகுதிகள் ஏராளம். எனவே 11க்கு வரும் மருந்தே, மருந்து கிடைக்காத 10இன் நோய் எதுவென்று ஊருக்குச் சொல்லிவிடுகிறது. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை தாக்குதலை நினைத்துப் பாருங்கள். அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்துவிட்டது; அதைப் போடாமல் விட்ட கணினிகள்தான் சிக்கின. 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அன்று அவசரமாகத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. நீங்கள் வங்கிக் கணக்கைப் பார்க்கும் கணினி இது. அறிவிப்பை மூடிவிட்டு அப்படியே தொடர்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, அவற்றுக்குப் பிந்தையவை என்பதே பொதுவான எல்லைக்கோடு. ஆறாம் தலைமுறைக்கு அந்தக் கதவு திறக்காது. ஆனால் மகன் சொல்வதுபோல் வழியே இல்லாமல் போகவில்லை. விண்டோஸ் 10 பயன்படுத்தும் தனிநபர்களுக்காக மைக்ரோசாஃப்ட் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 22எச்2 என்னும் கடைசிப் பதிப்பு இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை அதில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு இருக்கும். இன்றே சேருங்கள்.

இப்படிக் கிடைக்கும் அவகாசத்தில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸை முயன்று பாருங்கள் என்பது என் வேண்டுகோள். லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தின் 22ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, ஆறாம் தலைமுறைச் செயலியில் அது இலகுவாக ஓடும், விலை கிடையாது. அதை ஒரு பென் டிரைவில் எழுதி, கணினியில் எதையும் பதியாமல், பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். அந்த நிலையில் வைஃபை இணைகிறதா, கேமரா தெரிகிறதா, ஒலி வருகிறதா, பிரின்டர் அச்சிடுகிறதா, தமிழில் தட்டச்சு செய்ய வசதியாக இருக்கிறதா என்று ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டுச் சோதியுங்கள். நீங்கள் சொன்ன வேலைகளில் எழுதுவதைத் தவிர மற்றவை எல்லாம் பிரவுசருக்குள் முடிந்துவிடுகின்றன. எழுதுவதற்கு லிப்ரே ஆஃபிஸ் அதனுடனேயே வருகிறது. எல்லாம் சரியாக இருந்தால் புதிய எஸ்எஸ்டியில் மின்டைப் பதியுங்கள். கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல் சில மாதங்கள் பத்திரமாக வைத்திருங்கள். புதுக் கணினி வாங்குவதைப் பற்றி இந்தச் சோதனை தோற்றால் யோசித்தால் போதும்.

எதைத் தொடுவதற்கு முன்பும் உங்கள் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துவிடுங்கள். நகலெடுத்ததோடு நில்லாமல், அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, சில புகைப்படங்களையும் கட்டுரைகளையும் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகக் கணக்கில் கொள்வதில்லை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து ‘டிக், டிக்’ என்று ஒலி கேட்டால், மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்து முக்கியமானவற்றை மட்டும் முதலில் காப்பாற்றுங்கள்.

கேள்வி: என் மேசைக்கணினி 2019இல் வாங்கியது, ஒன்பதாம் தலைமுறை செயலி. ஆனாலும் மைக்ரோசாஃப்ட்டின் சோதனை மென்பொருள், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லை, செக்யூர் பூட் இல்லை என்று சொல்லி விண்டோஸ் 11க்கு மறுக்கிறது. அந்தச் சில்லைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. உங்கள் செயலித் தலைமுறையில் அந்த வசதி பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கணினி துவங்கும்போது, விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் அமைப்புக்குள் சென்றால் இன்டெல்லில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்கினால் டிபிஎம் தென்படும்.

நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்க விடும் செக்யூர் பூட்டில்தான் நிதானம் தேவை. அது யூஇஎஃப்ஐ என்னும் புதிய துவக்க முறையில்தான் இயங்கும். உங்கள் விண்டோஸ் பழைய ‘லெகசி’ முறையில் பதியப்பட்டிருந்தால், டிஸ்க் எம்பிஆர் என்னும் பழைய பகுப்பு முறையில் இருக்கும். அந்த நிலையில் பயாஸை மட்டும் யூஇஎஃப்ஐ முறைக்கு மாற்றினால் விண்டோஸ் துவங்காது. முதலில் டிஸ்க்கை ஜிபிடி என்னும் புதிய பகுப்பு முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கான எம்பிஆர்2ஜிபிடி என்னும் கருவி விண்டோஸ் 10உடனேயே வருகிறது; கோப்புகளை அழிக்காமல் மாற்றித் தரும். இருந்தாலும் நகல் எடுக்காமல் அதைத் தொடாதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டிஸ்க்கில் உள்ளவற்றைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருந்தால், பயாஸில் இந்த அமைப்புகளை மாற்றியதும் கணினி ஐயம்கொண்டு, நீலத்திரையில் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். உறவினர் ஒருவரின் கணினியில் இதே மாற்றத்தைச் செய்துவிட்டு அந்தத் திரையின் முன் நானும் அவரும் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். குறியீடு அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தது. கணக்கின் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. கைப்பேசி எண் வழியாகக் கணக்கை மீட்டு, அந்த எண்களை ஒவ்வொன்றாக வாசித்து உள்ளிட்ட பிறகுதான் அவருடைய பிள்ளைகளின் படங்கள் திரும்ப வந்தன. எண் மாறியிருந்தால் அவை போயே போயிருக்கும். ஆகவே, பயாஸுக்குள் நுழையும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். குறியீட்டைத் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

இவை முடிந்தபின் விண்டோஸ் அப்டேட் வழியாகவே 11க்கு மாறலாம். பிடிக்கவில்லை என்றால் பத்து நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்ப வழி உண்டு. அந்தப் பத்து நாட்களுக்குள் இடம் காலியாக்கும் ஆசையில் ‘விண்டோஸ் ஓல்டு’ கோப்புறையை நீக்கிவிடாதீர்கள். திரும்பி வரும் வழி அதற்குள்தான் இருக்கிறது.

கேள்வி: தகுதியில்லாத கணினியிலும் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போடலாம் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: முடியும்; பலர் செய்திருக்கிறார்கள். விளையாட்டாகச் சோதித்துப் பார்க்கும் இரண்டாவது கணினி என்றால் செய்யுங்கள். அன்றாட வேலைக்கு நம்பியிருக்கும் கணினி என்றால் வேண்டாம் என்பேன். இத்தகைய கணினிகளுக்குத் திருத்தங்கள் வந்தே தீரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. திருத்தங்களுக்காகத்தானே மாறுகிறோம்? ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்புக்கு மீண்டும் அதே குறுக்குவழியைத் தேட நேரலாம். எல்லை நகரவும் கூடும்: 2024இல் வந்த 24எச்2 பதிப்பு, பாப்கன்ட் என்னும் கட்டளையை அறியாத கோர் 2 டுயோ காலச் செயலிகளில் துவங்கவே மறுக்கிறது. அதுவரை குறுக்குவழியில் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கணினிகளுக்குப் பாதை அங்கேயே அடைபட்டது.

கேள்வி: நாங்கள் நடத்தும் சிற்றிதழின் இருபது ஆண்டு இதழ்கள் ஒரு விண்டோஸ் 7 கணினியில் இருக்கின்றன. எல்லாம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. பழைய ஸ்கேனர் ஒன்றும் அதில்தான் வேலை செய்கிறது. இதையும் புதுப்பிக்க வேண்டுமா?

பதில்: இந்த ஒரு கணினியைப் புதுப்பிக்காதீர்கள், இணையத்திலிருந்து துண்டித்துவிடுங்கள். விண்டோஸ் 7இன் ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. 2023இல் குரோம் பிரவுசரும் அதைக் கைவிட்டது. அதை வைத்து இணையத்தில் உலவுவது கூடாது. ஆனால் அதன் வேலை இணையத்தில் இல்லை. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே. 32 பிட் கால ஸ்கேனர் டிரைவர்கள் அதில் ஏறாது, மிகப் பழைய 16 பிட் மென்பொருள்கள் திறக்கவே திறக்காது. புதுப்பித்தால் அந்த ஸ்கேனர் அன்றோடு ஓய்ந்துவிடும். வைஃபையை அணைத்து, கேபிளைக் கழற்றி, கோப்புகளைப் பென் டிரைவில் மட்டும் கொண்டுசெல்லுங்கள். அந்தப் பென் டிரைவை ஒவ்வொரு முறையும் புதிய கணினியில் வைரஸ் சோதனை செய்யுங்கள்.

உங்கள் இதழ்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பாமினி கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். தேடினால் ஒரு தமிழ்ச் சொல்லும் அகப்படாது. அந்தக் கணினி உயிரோடு இருக்கும்போதே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். ஒவ்வோர் இதழையும் எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஆக்குங்கள். பக்கத்தின் தோற்றம் அப்படியே நிலைக்கும். உரையை மட்டும் எடுத்து, எழுத்துரு மாற்றும் மென்பொருள் வழியாக யூனிகோடாக்குங்கள்; ஒற்றுகளும் கொம்புகளும் சில இடங்களில் இடம் மாறும் என்பதால் ஒருவர் அமர்ந்து மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். கண்ட்ரோல் பேனலில் உள்ள ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருக் கோப்புகளையும், மென்பொருளின் நிறுவல் குறுந்தகட்டையும் தனியே நகலெடுங்கள். ஹார்டு டிஸ்க் முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் குளோன் செய்து வைத்தால், இப்போதைய டிஸ்க் ஒருநாள் நின்றாலும் அதைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தி அன்றே வேலையைத் தொடரலாம். முதல் ஆண்டு இதழ்களிலிருந்து தொடங்குங்கள். அவற்றைப் பக்கம் அமைத்தவர்கள் அருகில் இருக்கும்போதே மெய்ப்பும் முடிந்துவிடட்டும்.