மரச்சட்ட வீட்டில் ஈரம்: சுவருக்கு ஊசி போடலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் சஃபோக்கில், கிரேடு டூ பாதுகாப்புப் பட்டியலில் உள்ள 17ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம். சுவரில் துளை போட்டு ரசாயனம் செலுத்தி, வெளியே சிமென்ட் பூச்சின் விரிசலை அடைத்து, வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறது ஒரு நிறுவனம். உத்திரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிகின்றன. ஜன்னல்களை இரட்டைக் கண்ணாடியாக மாற்றவும் ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில், அந்த நிறுவனத்துக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் சொல்வது செங்கல் வீட்டுக்கான வைத்தியம். உங்கள் வீட்டின் உடம்பே வேறு.

உங்கள் வீட்டில் பாரம் தாங்குவது சுவர் அல்ல, மரம். தாழ்வான ஒரு செங்கல் கட்டின்மேல் ஓக் மரத்தில் அடிச்சட்டம் படுத்திருக்கிறது. அதன்மேல் தூண்கள், தூண்களின் தலையில் மேல்சட்டம், குறுக்கே உத்திரம். ஓக்கைக் காயவிடாமல், பச்சையாக இருக்கும்போதே இழைத்து, துளையும் கழுந்துமாகப் பூட்டி, மரமுளை அடித்திருப்பார்கள். மரம் காயக் காய லேசாக முறுக்கிக்கொண்டு மூட்டுகள் இறுகும். தரை சரிவாக இருப்பதையும் கதவு கோணலாக நிற்பதையும் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பல தலைமுறைக்கு முந்தைய கோணல்தான். தூண்களுக்கு இடையே குச்சிகளை வரிச்சாகப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பியிருக்கும். நம் ஊர் மண்சுவர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அதன்மேல் ஆட்டுமுடி கலந்த சுண்ணாம்புக் காரை, அதற்குமேல் சுண்ணாம்பு அடிப்பு. சஃபோக்கின் பேர்போன இளஞ்சிவப்பு வீடுகள் பலவும் இந்த வகைதான்.

இந்தச் சுவர் மழையில் கொஞ்சம் நனையும், வெயிலிலும் காற்றிலும் காய்ந்துவிடும். காலங்காலமாக அப்படித்தான் நின்றது. பின்னால் வந்த யாரோ, நல்லது செய்வதாக நினைத்து, சுண்ணாம்பை உடைத்துவிட்டுச் சிமென்ட் பூசிவிட்டார்கள். மரம் பருவத்துக்குப் பருவம் அசையும், சிமென்ட் அசையாது. அதனால் மயிரிழை விரிசல் விழும். விரிசல் வழியாக மழைநீர் உள்ளே போகும், வெளியே வர வழி இல்லாமல் கீழே இறங்கி அடிச்சட்டத்தில் தேங்கும். நீங்கள் பார்க்கும் ஈரத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இதன்மேல் வாட்டர்புரூஃப் பெயின்டும் அடித்தால், ஈரச் சட்டையைக் கழற்றாமல் மேலே மழைக்கோட்டு போட்ட கதை. ரசாயன ஊசி, செங்கலுக்கு நடுவே உள்ள சாந்துக்காக வந்த முறை. மரத்துக்கும் மண்ணுக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் உண்டு. வெளிப்பூச்சை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். டொப் டொப்பென்று வெற்றோசை வந்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. அடிச்சட்டம் எங்காவது வெளியே தெரிந்தால் சிறிய திருப்புளியால் மெல்லக் குத்துங்கள். மேல்தோல் கொஞ்சம் மிருதுவாக இருக்கலாம், உள்ளே வைரம் பாய்ந்த பகுதி இரும்பு மாதிரி எதிர்க்க வேண்டும். திருப்புளி வெண்ணெயில் போவதுபோல் போனால் அங்கே மரம் உளுத்துவிட்டது. நான் பார்த்த ஒரு வீட்டில் வெளியே பூச்சு பளிச்சென்று இருந்தது, ஒரு துண்டைப் பெயர்த்ததும் அடிச்சட்டம் தேயிலைத் தூள் மாதிரி கொட்டியது. அப்புறம், வெளித்தரை மட்டத்தைப் பாருங்கள். பூச்செடிப் பாத்தியோ நடைபாதையோ உயர்ந்து உயர்ந்து அடிச்சட்டத்தைத் தொட்டிருந்தால் அந்த மண்ணை இறக்க வேண்டும். கூரைத் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று நல்ல மழையில் குடையோடு நின்று பாருங்கள். பாதி வீடுகளில் குற்றவாளி அதுதான்.

உளுத்த சட்டத்துக்காக முழு மரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, புது ஓக்கைச் சாய்வெட்டு மூட்டில் சேர்ப்பார்கள். பழைய மரம் எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவு நல்லது.

உத்திரத்து ஓட்டைகளுக்கு உடனே மருந்தடிக்க ஓடாதீர்கள். பல ஓட்டைகள் நூறு ஆண்டுக்கு முன்பே காலியானவை. கீழே ஒரு கறுப்புத் தாளை விரித்து வையுங்கள். வசந்த காலத்திலும் கோடையிலும் வெளிறிய புதுத்தூள் விழுந்தால்தான் பூச்சி உயிரோடு இருக்கிறது. பழைய ஓக்கைத் துளைக்கும் டெத்வாட்ச் வண்டுக்கு ஏற்கெனவே ஈரத்தில் பூஞ்சை பிடித்த ஓக் வேண்டும். மரம் காய்ந்தால் அதன் பிழைப்பும் முடிந்தது. உத்திரத்தை மணல் வீசிச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மூட்டுக்கு அருகே ரோமன் எண்கள் போலக் கீறல்கள் இருக்கும். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று தச்சர் போட்டுக்கொண்ட கணக்கு அது. மணல்வீச்சில் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

இனி சட்ட விதிகள். இங்கிலாந்தில் பட்டியலிடப்பட்ட கட்டடங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கிரேடு டூதான். கடைசிப் படிதானே என்று நினைத்துவிடாதீர்கள். பாதுகாப்பு முகப்புக்கு மட்டும் அல்ல, உள்ளே இருக்கும் படிக்கட்டு, கதவு, காரை வரைக்கும் உண்டு. கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் வேலையை உள்ளூர் கவுன்சிலின் அனுமதி இல்லாமல் செய்தால், 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை, வரம்பில்லாத அபராதம். பழையபடி திருத்தச் சொல்லும் உத்தரவுக்குக் காலவரம்பு இல்லை, முந்தைய உரிமையாளர் செய்ததற்கும் இன்று உரிமையாளரான உங்களுக்கே வரும். அதனால் வீட்டில் ஏற்கெனவே பிளாஸ்டிக் ஜன்னல் இருந்தால் அதற்கு அனுமதி வாங்கினார்களா என்று வக்கீலிடம் கேளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, முடிவு வர வழக்கமாக 8 வாரம். சிமென்ட்டை எடுத்துச் சுண்ணாம்பு பூசுவதற்கும் கவுன்சிலில் பழைய கட்டடங்களைக் கவனிக்கும் கன்சர்வேஷன் ஆபீசரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பொதுவாக அவர்கள் இதை வரவேற்பார்கள். 1877இல் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் தொடங்கிய, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் ஸ்பாப் (SPAB) என்ற சங்கம், பழைய வீட்டுக்காரர்களுக்குத் தொலைபேசியில் இலவசமாகத் தொழில்நுட்ப ஆலோசனை தருகிறது.

ஜன்னல்? பழைய மரச்சட்டத்தையும் அலைபாயும் பழைய கண்ணாடியையும் கழற்ற அனுமதி கிடைப்பது கஷ்டம். உள்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் ஒன்றைத் தனியாகப் பொருத்தலாமா என்று கேளுங்கள். குளிரும் சத்தமும் நன்றாகக் குறையும், பழைய ஜன்னலும் அப்படியே இருக்கும்.

சிமென்ட்டை ஒரேயடியாக உடைக்க வேண்டாம். அனுமதி வந்ததும், வெற்றோசை வரும் ஓர் இடத்தில் மட்டும் சின்னதாகத் திறந்து, உள்ளே வரிச்சும் மண்ணும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். சுண்ணாம்புப் பூச்சு இறுகும் முன் உறைபனி பட்டால் உதிர்ந்துவிடும், ஆகவே பூச்சு வேலையை ஏப்ரலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இந்தக் குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து, பாத்தி மண்ணை இறக்கிவிட்டால் போதும்.